பக்கத்துக் கொட்டாய் மண்

காலையில் கண் விழித்ததும் ஊரில் மற்றவர்கள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ரேணுகாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியின் வயிற்றைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "வயிறா அது, தண்ணி எறைக்கிற சாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே சாணம் அள்ளப் போவாள். அன்றைய பொழுது அவளுக்கு அதோடு கெட்டுவிடும்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டினாற்போல வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் எழுந்தது. இந்தப் பக்கம் பெரியவன் ராஜேந்திரனும் அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாளும். அந்தப் பக்கம் சின்னவன் மூர்த்தியும் அவன் பெண்டாட்டி சந்திரகலாவும். சுவரை இடுப்பளவோடு நிறுத்தச் சொன்னது ரேணுகாம்பாள்தான். உறவு விட்டுப் போய்விடக் கூடாதாம். அதெல்லாம் வெளிப்பேச்சு. ஓரகத்தி வீட்டு அடுப்பில் என்ன வேகிறது, கொடியில் எந்தப் புடவை காய்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமையா? இரண்டு பேரும் ஒரே நாளில் முருங்கைக் கொம்பு நட்டார்கள். சந்திரகலாவின் மரம் காய்த்துக் கொட்டியது, ரேணுகாம்பாளின் மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது. தீபத் திருவிழாக் கடையில் ஒரே மாதிரிப் புடவை எடுத்தார்கள். ரேணுகாம்பாளின் புடவை முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டது. 'எனக்குன்னு வந்தா மட்டும் எல்லாம் ஏன் இப்படி ஆவுது?' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சந்திரகலா வாயாடியாக, திமிர் பிடித்தவளாக இருந்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரியோ முதல் காய்ப்பில் பாதியை ஒடித்து, "அக்கா, இந்தாங்கக்கா" என்று சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காயில் வைத்த குழம்பு ரேணுகாம்பாளுக்குத் தொண்டையில் நின்றது.

மாமனார் வைத்துவிட்டுப் போன கிழட்டுப் பசுவுக்கு இரண்டு கிடேரிகள். பாகத்தில் ஆளுக்கு ஒன்று. எண்பத்து மூன்றாம் வருஷம் இரண்டையும் ஒரே வாரத்தில் டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய் ஜெர்சி ஊசி போட்டார்கள். மறு வருஷம் ஆனியில் இரண்டும் பெட்டைக் கன்றாகவே ஈன்றன. ரேணுகாம்பாள் தன் கன்றுக்கு அல்லி என்று பெயர் வைத்தாள். சந்திரகலா தன் கன்றுக்கு ராணி என்று வைத்தாள். 'ராணியாம் ராணி. எனக்கு ஏன் அது தோணாம போச்சு?' என்று அதற்கும் ஒரு நாள் முழுக்கப் புழுங்கினாள்.

பிறந்து கொஞ்ச நாளிலேயே அல்லிக்குக் கழிச்சல் கண்டது. களிமண் நிறத்தில், மூக்கை வைக்க முடியாத நாற்றம். ரேணுகாம்பாள் பதறிக்கொண்டு கன்றை நடத்தியும் தூக்கியும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே அப்போது அப்பாண்டைராஜ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"பூச்சிம்மா. தாய்ப்பால் வழியாவே குட்டி வயித்துக்கு வந்துடும். இதோட தாய்க்குக் கூடப்பொறந்த மாடு ஒண்ணு கொழுந்தன் வீட்டுல ஈன்றிருக்குதுன்னு சொன்னீங்களே, அந்தக் கன்னுக்கும் இருக்கும். ரெண்டு குப்பி குடுக்குறேன். ஒண்ணு உங்களுது, ஒண்ணு அவங்களுது. மாசம் பொறந்தா மறுபடியும் வந்து வாங்கிக்குங்க. மண்ணு திங்காம வாய்க்கூடை கட்டி வையுங்க, மண்ணு வழியாவும் வேற பூச்சிங்க வரும்."

கொடுத்துவிடுவதாகத்தான் வந்தாள். பொய் சொல்லக் கூடாது, பாதி வழி வரைக்கும் அந்த எண்ணம் அவளுக்கு இருந்தது. வீட்டு முனை திரும்பும்போது ராணி வாலைத் தூக்கிக்கொண்டு வாசலில் துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் ஒன்றும் வெளியே தெரியவில்லை. எதிர்வீட்டுப் பச்சையம்மாள், "சின்னவ கன்னு இன்னா சுறுசுறுப்பு பாரேன். உன்னுது ஏம்மா இப்படித் துவண்டு கெடக்குது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சந்திரகலாவின் குப்பி பரண் மேல் பழைய அகல் விளக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அதையேதான் நினைத்தாள்.

அல்லிக்கு மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றினாள். மறுநாள் சாணத்தோடு பென்சில் பருமனில் வெள்ளை வெள்ளையாய்ப் பூச்சிகள் வந்து விழுந்தன. பார்த்தவளுக்குக் குமட்டியது. அதற்குப் பிறகு கன்றின் வயிறு ஒட்டி, கண் தெளிந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ரேணுகாம்பாள் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து அவள் முழங்கையை நக்கும். அவளும் அதை முத்தமிடாத குறைதான். பிள்ளை இல்லாத வீட்டில் அவளைத் தேடி வந்து ஒட்டிக்கொண்ட உயிர் அது ஒன்றுதான்.

எல்லாம் ஆவணி வரைக்கும்தான். மழை பிடித்துக்கொண்டபோது பக்கத்து மாட்டுக் கொட்டாயில் ராணியின் வயிறு பெருக்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு, உருண்டு, கீழே தொங்கியது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் பாதையில் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "கன்னு இன்னா புஷ்டி! மகாலட்சுமியாட்டம் இருக்குது" என்றார்கள். பக்கத்திலேயே, எலும்பு தெரிய நின்ற அல்லியை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேணுகாம்பாளுக்கு நெஞ்சு எரிந்தது. உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரு சங்கதி அவளுக்குப் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்துக்கொண்டாள். மருந்து குடித்த கன்று வற்றிக் கிடக்கிறது. மருந்து குடிக்காத கன்று பூரித்து நிற்கிறது. அப்படியானால் அந்த டாக்டர் கொடுத்த மருந்துதான் வினை!

'அட பாவி! கெடுக்கணும்னு மறைச்சு வெச்சேன், அது அவளுக்கு நல்லதா போச்சே!'

இதைவிட ஒரு பொறாமைக்காரிக்கு வேறு தண்டனை வேண்டுமா? தன் கையாலேயே ஓரகத்திக்கு உபகாரம் பண்ணிவிட்டோமே என்று அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. அல்லிக்கென்று இரண்டாம் தடவை வாங்கி வந்திருந்த மருந்தைச் சாம்பல் குழியில் கவிழ்த்தாள். வாய்க்கூடையை அவிழ்த்து எறிந்தாள். அதற்குள் அப்பாண்டைராஜ் டாக்டரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

அப்படியும் அல்லிக்கு வயிறு வைக்கவில்லை. தவிட்டைக் கூட்டினாள், கடலைப் புண்ணாக்கைக் கரைத்துக் கொடுத்தாள். ஊஹூம். சந்திரகலா என்னதான் போடுகிறாள் என்று சுவரோரம் நின்று கவனித்தாள். தவிடு, கழனித் தண்ணி, புல். தன்னிடம் இல்லாதது ஒன்றுமில்லை. ஆனால் ராணி ஒரு வேலை செய்தது. கட்டியிருந்த முளையைச் சுற்றி மண்ணை நக்கி நக்கித் தின்றது. சுவரில் பூசிய மண்ணைக்கூடப் பெயர்த்துத் தின்றது. சந்திரகலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை.

"மண்ணு திங்குதேடி?" என்று ரேணுகாம்பாள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"ஆமாக்கா, ஆசையா திங்குது. தின்னுட்டுப் போவட்டும், நம்ம ஊரு மண்ணுதானே" என்று சந்திரகலா சிரித்தாள்.

சிரித்தாளா! ரேணுகாம்பாளுக்கு முடிவே ஆகிவிட்டது. அந்த மண்ணில்தான் ஏதோ இருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று ராஜேந்திரனும் மூர்த்தியும் டவுனுக்குப் போய்விட்டார்கள். சந்திரகலாவும் ஊர்ப் பெண்களோடு பாதைக்குப் போய் நின்றாள். ரேணுகாம்பாள் தலைவலி என்று தங்கிவிட்டாள். பொழுது சாய்ந்து மலையுச்சியில் தீபம் ஏறிய நேரம். பாதையெல்லாம் "அரோகரா" என்று முழங்கியது. ஊரே அண்ணாந்து கைகூப்பி நின்றது. ரேணுகாம்பாள் மட்டும் குனிந்து நின்றாள். சுவரைத் தாண்டிப் போய், ராணியின் முளையைச் சுற்றி, சாணமும் மூத்திரமும் ஊறிக் கிடந்த மண்ணைக் கூடை நிறைய அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளி வந்து அல்லியின் முளையைச் சுற்றிப் பரப்பினாள். "தின்னுடி கண்ணு" என்றாள். அந்த மண்ணில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியவில்லை.

பொங்கல் வருவதற்குள் அல்லிக்கு வயிறு வந்துவிட்டது. ரேணுகாம்பாளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தாம்புக் கயிற்றால் வயிற்றை அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு, முடிச்சு தள்ளித் தள்ளிப் போவதைப் பார்த்து மகிழ்ந்தாள்.

"மயிரு சிலிர்த்துக்கிட்டு நிக்குது. ஓட மாட்டேங்குது. தாடையில வேற ஏதோ வீங்கினாப்புல இருக்குது. கொஞ்சம் பாரேன்" என்றான் ராஜேந்திரன்.

"ஊரே மெச்சுது, உங்களுக்கு மட்டும் பொறுக்கலையா?" என்று அவன் வாயை அடைத்தாள். ஆனால் அல்லி முழங்கையை நக்குவதை விட்டுவிட்டது அவளுக்கும் தெரியும். தெரிந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

தை மாசக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் மாட்டாஸ்பத்திரிக்காரர்கள் கன்றுப் பேரணி நடத்தினார்கள். நன்றாக வளர்த்த கலப்புக் கன்றுக்குப் பரிசு உண்டு. எவர்சில்வர் குடம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்திரகலாவின் வாசல் வழியாக நடந்து போவதை ரேணுகாம்பாள் கண்ணை மூடினால் பார்த்தாள். அல்லியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கழுத்தில் மணி கட்டி ஓட்டிப் போனாள். சந்திரகலாவும் ராணியை ஓட்டி வந்தாள். இரண்டு வயிறும் அருகருகே நின்றன. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். தன் கன்றின் வயிறுதான் ஒரு விரற்கடை பெரிசு என்று ரேணுகாம்பாள் நிச்சயமாக நம்பினாள்.

புதிதாக வந்திருந்த டாக்டர் ராணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அல்லியின் இமையையும் இழுத்துப் பார்த்தார். இரண்டும் காகிதம் போல வெளுத்திருந்தன.

"இது வளர்த்தி இல்லம்மா. பூச்சி வயிறு. ரெண்டுமே. உள்ள ரத்தத்தை உறிஞ்சிக்கிட்டு இருக்குது, நீங்க பொட்டு வெச்சு ஓட்டிட்டு வந்துட்டீங்க. கையில இருந்த மருந்து தீந்துடுச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலைல மொத ஆளா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. தாமசம் பண்ணா கன்னு நிக்காது" என்றார்.

கூட்டம் சிரித்தது. குடம் முருகையன் வீட்டுக் கன்றுக்குப் போனது. அது எப்படி இருந்தது தெரியுமா? வயிறு ஒட்டி, எலும்பு தெரிய, மயிர் மின்ன, கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளிற்று. ஆவணியில் அல்லி அப்படித்தான் இருந்தது. அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அல்லி தீனியைத் தொடவில்லை. பொழுது சாயும்போது அதன் கால்கள் பின்ன ஆரம்பித்தன. அப்போதுதான் அவளுக்குப் பரண் ஞாபகம் வந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, அகல் விளக்குகளைத் தள்ளி, தூசி படிந்த குப்பியை எடுத்தாள். மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. 'நல்லவேளை, என் அல்லி பொழைச்சுது' என்று இறங்கினாள்.

"அக்கா! அக்கா, கொஞ்சம் வாங்களேன்!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சந்திரகலாவின் குரல் கேட்டது. "ராணி விழுந்துட்டுது. அவரு கடலை மூட்டையை விக்க டவுனுக்குப் போனவரு இன்னும் வரல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலக்கா!"

எட்டிப் பார்த்தாள். ராணி பக்கவாட்டில் விழுந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது. கண் செருகியிருந்தது. அத்தனை நாளாய் அவள் வயிறெரிந்த அந்த வயிறு மட்டும் மேட்டைப் போல மேலே எழும்பி நின்றது. இந்தப் பக்கம் அல்லி நின்றுகொண்டிருந்தது, தள்ளாடியாவது நின்றுகொண்டிருந்தது. கையில் ஒரே குப்பி. அதுவும் யாருடைய குப்பி?

அல்லியைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டினாள்.

"தலையைத் தூக்கிப் பிடிடி. பொரை ஏறிடப் போவுது."

"ஏதுக்கா மருந்து?"

"ஆஸ்பத்திரி கம்பவுண்டரு வீட்டுக்குப் போயி வாங்கியாந்தேன்" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

விடிந்தபோது ராணியின் பின்னால் பூச்சிகள் கும்பல் கும்பலாய்க் கிடந்தன. கன்று தலையைத் தூக்கி, காலை மடக்கி உட்கார்ந்து, வாளித் தண்ணீரை உறிஞ்சியது. ரேணுகாம்பாள் தன் கொட்டாய்க்கு ஓடிப் பார்த்தாள். அல்லியும் உயிரோடுதான் இருந்தது. அதை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகக் கயிற்றை அவிழ்க்கும்போது சந்திரகலா சுவரோரம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் கன்னுக்கு வெச்சிக்காம என் கன்னுக்கு ஊத்துனியேக்கா. உன் மனசு எனக்கு அப்பவே தெரியும். தீபத்தன்னிக்கு நீ என் கொட்டாயில மண்ணெடுத்தியே, சூடம் மறந்துட்டேன்னு திரும்பி வந்தப்ப நான் பாத்தேன். பௌர்ணமிக்கு வந்தவங்க காலடி மண்ணெடுத்து ராணிக்கு நீ கண்ணு கழிக்கப் போறன்னு புரிஞ்சுது. அதுவும் ஒரு பிடி போதுமே, கூடை நெறைய அள்றியே! இத்தனை பேரு கண்ணு பட்டிருக்குதேன்னு அக்கா பயந்துட்டாங்கன்னு நெனச்சேன். சொல்லிக் காட்டாம செய்றியேன்னு பேசாம போயிட்டேன். பாதையில நின்னு தீபத்தைப் பாத்து உனக்காகத்தான் கும்பிட்டேன்."

ரேணுகாம்பாளுக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? மனசு உருகியிருக்க வேண்டும், இல்லையா? உருகவில்லை. எரிந்தது. முருங்கை அவளுக்கு, புடவை அவளுக்கு, ராணி என்கிற பெயர் அவளுக்கு. இந்த மனசும் அவளுக்குத்தானா? திருடுவதைக் கண்ணால் பார்த்தும் நல்லதாகவே நினைக்க ஒருத்திக்கு எப்படி வரும்? தனக்கு ஏன் ஒரு நாளும் வந்ததில்லை? அந்த நல்ல மனசைச் சுக்கு நூறாக உடைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. திருந்தி அல்ல, பொறுக்க முடியாமல்தான் சொன்னாள்.

"கண்ணும் இல்ல கழிப்பும் இல்ல. உன் கன்னு மாதிரி என் கன்னு கொழுக்கணும்னு உன் மண்ணைத் திருடுனேன். அந்தக் குப்பி கம்பவுண்டரு குடுத்தது இல்லடி. ஆனி மாசமே பழைய டாக்டரு உனக்குன்னு குடுத்து அனுப்புனது. நான்தான் பரண் மேல ஒளிச்சு வெச்சேன். போதுமா? இப்ப கும்பிடு!"

சந்திரகலாவின் கை மெல்ல விட்டுப்போனது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று ரேணுகாம்பாள் காத்து நின்றாள். திட்டினால் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிடலாம். சந்திரகலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆனி மாசமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி மருந்தில் அல்லியும் பிழைத்தது. மாசி பிறந்ததும் மூர்த்தி கொத்தனாரை அழைத்து வந்து சுவரை ஆளுயரத்துக்கு ஏற்றினான். ஏன் என்று ஊரில் கேட்டவர்களுக்கு, "ஆடு தாண்டுது" என்றாளாம் சந்திரகலா. காரணத்தைச் சொல்லி நாறடிக்கக்கூட இல்லை. பச்சையம்மாள் வந்து அதைச் சொன்ன அன்றைக்கும் ரேணுகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ராணியின் மணி தினம் கேட்டது. ஓடுகிறதா, துள்ளுகிறதா, வயிறு ஒட்டிவிட்டதா, மயிர் மின்னுகிறதா, ஒரு எழவும் தெரியவில்லை. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் கொல்லையில் கிடந்த உரலை உருட்டி வந்து சுவரோரம் போட்டு, அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

ராணி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. சந்திரகலா வைக்கோல் பிரியால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததைக் கண்டு நிமிர்ந்தாள். சுவர் மேல் தெரிந்த தலையைப் பார்த்தாள். முந்தானையை விரித்து, கன்றின் முகத்தையும் முதுகையும் சேர்த்து மூடிக்கொண்டு, ரேணுகாம்பாள் உரலைவிட்டு இறங்கும் வரை அப்படியே நின்றாள்.